குயின் மேரி என்ஜின் ரூமுக்குள்ள இறங்கினவங்க சொல்லுங்க

துறைமுகவாசி:
கலிஃபோர்னியா லாங் பீச்ல ஹோட்டலா நிக்குதே, அந்தப் பழைய பயணிகள் கப்பல்தான். பின்பக்க என்ஜின் ரூம், கன்ட்ரோல் பிளாட்ஃபார்ம். எல்லாரும் கேஜ்களைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு பெரியவர் மட்டும் நேரா ஸ்டீம் வால்வு சக்கரத்துக்கிட்ட போனார். அண்ணாந்து, மேல இருந்து வர்ற வேக உத்தரவைக் காட்டுற டெலிகிராஃபைப் பார்த்தார், அடுத்து பிரஷர் கேஜ், அப்புறம்தான் ரெண்டு கையும் சக்கரத்து மேல வந்துச்சு. 1967லயே ஓட்டம் நின்ன கப்பல் அது! அவர் கண்ணு போன அந்த வரிசை மனசுலயே நிக்குது. ஸ்டீம்ல வேலை பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

அலைமகள்:
எனக்கு புரொப்பல்லர்தான். மத்த மூணையும் கழட்டிட்டு ஒண்ணை மட்டும் தண்ணிக்குள்ள விட்டு, சுத்தி இரும்புப் பெட்டி கட்டியிருக்காங்க. 32 டன். எட்டிப் பார்த்தா முதல்ல வெறும் பச்சைத் தண்ணி. கண்ணு பழகினதும் காலுக்குக் கீழயே ஒரு பெரிய இதழ் தெரியுது. "அம்மா, இது சுத்துமா?"ன்னான் பையன். சுத்தாதுன்னு தெரிஞ்சும் அவனை இழுத்துக்கிட்டுப் பின்னால வந்துட்டேன். ஆனா என்ஜின் ரூம் ஏமாத்திருச்சு. பிஸ்டன் ஒண்ணுகூட இல்ல, எல்லாம் மூடின பெட்டி.

இரவுப்பறவை:
புரொப்பல்லரைச் சுத்த வைக்கிற தண்டு, அந்த ஷாஃப்ட் போற பாதையில, தண்ணி புகாம அடைக்கிற 13ஆம் நம்பர் கதவைத் தாண்டும்போது முதுகுல சில்லுன்னு காத்து. பேய் இருக்குன்னு சொல்றது சும்மா இல்லப்பா.

பழைய செகண்ட் இன்ஜினியர்:
துறைமுகவாசி தம்பி, ஸ்டீம் டேங்கர்ல நாங்களும் அப்படித்தான். கப்பலை ஓட்டுற மேல்தளம், அதான் பிரிட்ஜ், என்ன வேகம் கேக்குது, பாய்லர்ல எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டுத்தான் கை போகும். படக்குன்னு திறந்தா பாய்லர் தண்ணி பொங்கி நீராவியோட வந்து நீராவி பட்டு சுத்துற டர்பைனோட பிளேடைப் பதம் பார்த்துரும்.

இரவுப்பறவைக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் கதவுல 1966ல செத்தது 18 வயசுப் பையன், வேலை நேரத்துல. அதைப் பேய்க்கதை ஆக்காதீங்க, மனசு வலிக்குது.

மூடின பெட்டின்னு சொன்ன தங்கச்சி, அதுக்குள்ளதாம்மா விஷயமே. ஒரு ஷாஃப்ட்டுக்கு நாலு டர்பைன். அழுத்தம் குறையக் குறைய நீராவி ஒண்ணுலேருந்து அடுத்ததுக்குப் போகும். நாலு ஷாஃப்ட்டும் சேர்ந்து 1,60,000 குதிரைத்திறன். 1938ல நாலு நாளுக்குள்ள அட்லாண்டிக்கைத் தாண்டினது அதுலதான். என் வருத்தம் வேற. ஹோட்டலாக்கினப்போ 27 பாய்லரையும் முன்பக்க என்ஜின் ரூமையும் எடுத்துட்டாங்க. உலை இல்லாத சமையக்கட்டு மாதிரி நிக்குது.

பிஸ்டன்தான் பார்க்கணும்னா சான் பிரான்சிஸ்கோவுல ஜெரமையா ஓபிரையன் இருக்கு. 1943ல கட்டின சரக்குக் கப்பல், ரெண்டாம் உலகப் போர்ல பிரான்ஸ் நார்மண்டி வரைக்கும் போய் வந்தது. மூணு சிலிண்டர் என்ஜின், இன்னும் நீராவியில ஓடுது. ஸ்டீம் ஏத்துற நாள் எதுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, மத்த நாள்ல போனா சும்மா நிக்கிற இரும்பைத்தான் பார்ப்பீங்க. காட்டன் துணி, மூடின ஷூ. குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம், கிரேட்டிங்ல, அதான் ஓட்டை ஓட்டையா இருக்கிற இரும்புத் தரையில, மாட்டிக்கும். ஏணியில இறங்கும்போது முகம் படியைப் பார்த்து இருக்கட்டும். பையனை உங்களுக்கு முன்னால விடாதீங்க, பைப் சூடா இருக்கும். பிஸ்டன் தள்ளித் தள்ளி கிராங்க் சுத்துற இடத்துல கம்பிக்கு வெளியவே நில்லுங்க, போனை நீட்டிப் படம் எடுக்காதீங்க. எண்ணெய் தெறிக்கும்.