ஜப்பானுக்கு இரண்டாம் பயணம்: மாறிவரும் பழக்கங்களில் எதைப் பின்பற்றுவது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். 2012இல் முதன்முறை ஜப்பானுக்குச் சென்ற நான், 2024 அக்டோபரில் மீண்டும் சென்று இரண்டு வாரங்கள் தங்கிவிட்டு வந்தேன். டோக்கியோவின் நகரும் படிக்கட்டுகளில் எல்லோரும் இடப்புறம் ஒதுங்கி நின்று, அவசரமாகச் செல்பவர்களுக்கு வலப்புறத்தை விட்டுவைத்த ஒழுங்குதான் முதல் பயணத்தில் என்னை மிகவும் கவர்ந்தது. இம்முறை சைத்தாமா மாகாணத்து ரயில் நிலையம் ஒன்றில், நடக்காமல் இருபுறமும் நிற்கும்படி கேட்டுக்கொள்ளும் சுவரொட்டியைக் கண்டேன். படத்தில் இருவர் அருகருகே நின்றிருந்தார்கள். அதன் அடியிலேயே பயணிகள் பழையபடி இடப்புறம் மட்டும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைகளிலும், முன்பு கேட்காமலேயே பையில் இட்டுத் தந்தவர்கள் இப்போது ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இடக்கையில் பிடிமானம் இல்லை. நாங்கள் எதைப் பின்பற்றுவது?

முதல் பதில்:

வணக்கம். நீங்கள் பார்த்த சுவரொட்டிக்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. நகரும் படிக்கட்டில் நின்றபடியே செல்ல வேண்டும் என்ற விதியைச் சைத்தாமா மாகாணம் 2021 அக்டோபர் 1 முதலும், நகோயா மாநகரம் 2023 அக்டோபர் 1 முதலும் நடைமுறைப்படுத்தியுள்ளன. இரண்டிலும் தண்டனை கிடையாது. விபத்தைத் தவிர்ப்பது ஒரு காரணம். மற்றொன்று, உங்கள் தந்தையைப் போல ஒரு பக்கக் கைப்பிடியை மட்டுமே பற்றக்கூடியவர்கள், வலப்புறம் நிற்கும்போது பின்னால் வருபவரின் அவசரத்துக்காக நகர வேண்டியிருக்கக் கூடாது என்பது. ஆகவே அவர் வலக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தயங்காமல் நிற்கட்டும். நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதை ஏற்கிறேன்; எனினும் தண்டனை இல்லாத சட்டம் பழக்கத்தை அவ்வளவு எளிதில் மாற்றிவிடாது என்பதை டோக்கியோவில் வசிக்கும் நான் நாள்தோறும் காண்கிறேன். இங்கு காலை நெரிசலில் வலப்புறம் நடப்பவர்கள் இன்னும் ஏராளம். ஒசாகாவிலோ வழக்கமே தலைகீழ்: வலப்புறம் நிற்பார்கள், இடப்புறம் நடப்பார்கள். தந்தையாருக்கு அந்த ஊர் இயல்பாகவே வசதிப்படும். டோக்கியோவில் நெரிசல் வேளையில் மட்டும் மின்தூக்கியைத் தேடிச் செல்லுங்கள். சற்றுச் சுற்று வழிதான், ஆனால் அவர் பதற்றமின்றி இருப்பார்.

மூன்றாம் பதில்:

கடையில் அவர்கள் கேட்பது பையைப் பற்றித்தான். 2020 ஜூலை 1 முதல் நெகிழிப் பைக்குக் கட்டணம் வாங்குவது கட்டாயமாகிவிட்டதால், வாடிக்கையாளரின் விருப்பத்தைக் கேட்காமல் பை தருவதில்லை. ‘ஃபுகுரோ’ என்ற சொல் காதில் விழுந்தால் அதுதான் கேள்வி என்று கொள்ளலாம்.

அம்மாவின் கைப்பையில் துணிப்பை ஒன்றோடு, குப்பைக்கென ஒரு சிறு பையும் இருக்கட்டும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ குழுவினர் சாரின் நச்சு வாயுவைப் பரப்பிய பின், பாதுகாப்புக் கருதிப் பொது இடங்களிலிருந்து பல குப்பைத் தொட்டிகள் அகற்றப்பட்டன. தானியங்கி விற்பனை இயந்திரங்களின் அருகில் இருப்பவை பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் மட்டுமே உரியவை. சோற்றுருண்டை ஒன்றின் உறையை நான் காலையிலிருந்து இரவு விடுதி அறை வரை சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடற்பாசியின் மணம் மறுநாளும் சட்டையை விட்டுப் போகவில்லை.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வலப்புறம் நின்றால் பிறருக்கு இடையூறாக இருப்போமே என்றுதான் அப்பா இந்தப் பயணத்துக்கே தயங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்தைப் பற்றிய முதல் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒசாகாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று இப்போது அவரே கேட்கிறார்.