உப்புத் தண்ணீருக்கு ஆர்ஓவா, சாஃப்ட்னரா?

கேள்வி:
குழாய், ஷவர் எல்லாம் வெள்ளையாக உப்பு படிந்து கிடக்கிறது, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. சோதித்ததில் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசிய உப்புகளின் அளவு) லிட்டருக்கு 420 மில்லிகிராம். வீடு முழுக்க ஆர்ஓ (சவ்வு வழியே உப்பை வடிகட்டும் கருவி) போடலாமா?

பதில் 1:
வேண்டாங்க, குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் ஆர்ஓ போதும், இல்லாவிட்டால் ஏகப்பட்ட தண்ணீர் கழிவாகப் போகும். குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை நீக்கும் கருவிதான் சரி. உள்ளே இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும், மறந்தால் அது வெறும் தொட்டி.

பதில் 2:
சாஃப்ட்னர் போட்டதும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு) மீட்டரை முக்கிப் பார்த்து, குறையவே இல்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள். குறைவது கடினத்தன்மைதான், டிடிஎஸ் அல்ல.

கேட்டவர்:
சரி, ஷவரில் ஏற்கெனவே அடைத்திருப்பதற்கு?

பதில் 2:
கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள், குமிழி விட்டுக் கரையும். அப்புறம் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.