முதுகுவலி பேக்கேஜ் எடுக்கும் முன் பில்லைப் பாருங்கள்

செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இடுப்பு பிடித்துக்கொண்டால், இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை கைரோபிராக்டரை (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவரை) தேடிப் போகிறார்கள். பில்லை மட்டும் யாரும் படிப்பதில்லை.

தனித்தனியாகப் போனால் தடவைக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), பேக்கேஜாக 12 தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் 960 என்று வைத்துக்கொள்வோம். 5 தடவையோடு நிறுத்தினால், பேக்கேஜ் விலையில் கழித்தால் 560 திரும்ப வரணும். தனி விலையில் கழித்தால் 460தான். கவுண்டர் சண்டையெல்லாம் இந்த 100 வெள்ளிக்குத்தான். எந்தக் கணக்கு என்பதைப் பணம் கைமாறும் முன்னே எழுதி வாங்குங்கள்.

வருகை அட்டையில் முதல் நாளே 12 கட்டத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். அப்படிப்பட்ட அட்டை பார்த்தவுடனே தெரியும்: கையெழுத்து எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு, தேதி மட்டும் பிறகு வேறொருவர் எழுதியது. அதில் ஒரு தேதி தீபாவளியன்று விழுந்திருக்கும், கடையே பூட்டிக் கிடந்த நாள்.

—

அண்ணன் சொன்னதோடு காப்புறுதியையும் சேர்க்கணும். முதலில் உங்கள் பாலிசி கைரோபிராக்டிக்கை ஏற்கிறதா என்று கேளுங்கள். பல பாலிசிகள் ஏற்பதில்லை. ஏற்றாலும் முடிந்த சிகிச்சைக்குத்தான் கிளேம், வரப்போகும் 7 தடவைக்கு இல்லை. பில்லில் தேதி, கழுத்தா இடுப்பா, என்ன செய்தார்கள், யார் செய்தார், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று தனித்தனி வரியாக இருக்கணும். "சிகிச்சை 300" என்று ஒரே வரியில் வந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.

"உங்க பங்கு 20 வெள்ளி வேணாம், 100னே பில் போட்டுடறேன்" என்று கவுண்டரில் சொல்வது உதவி மாதிரி தெரியும். உங்களிடம் 20 வாங்காமல் காப்புறுதியிடம் மட்டும் 80 வாங்கினால் உண்மை விலை 80தான். 100 என்று அனுப்புவது பொய்க் கிளேம். ஒரு நாள் வரம்பைத் தாண்டாமலிருக்க ஒரே வருகையை இரண்டு தேதியாகப் பிரிப்பதும், மனைவிக்குச் செய்ததைக் கணவர் பெயரில் போடுவதும் அதே வகை. குற்றவியல் சட்டம் 420-ஆம் பிரிவு வரை போகும். படிவத்தில் நோயாளியின் கையெழுத்தும் இருப்பதால் அவரும் மாட்டுவார். தயவுசெய்து கேட்காதீர்கள், அவர்களாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

—

தோட்ட ஆபீஸ் பக்கத்திலிருந்து ஒன்று. கைரோபிராக்டர் கடிதம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) ஆகாது. 1955 வேலைச் சட்டப்படி மருத்துவ விடுப்புக்குப் பதிவுபெற்ற டாக்டரின் சான்று வேண்டும். வேலையில் அடிபட்டதென்றால் முதலில் டாக்டர், பிறகுதான் முதுகு பார்ப்பவர். முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்கணும். தற்காலிக முடத்தன்மைப் பணத்துக்கு, விபத்து நாளையும் சேர்த்து, 4 நாளாவது எம்சி இருக்கணும். கிராணி (தோட்ட ஆபீஸ் கிளார்க்) கேட்டாரென்று பழைய தேதி போட்டுக் கடிதம் வாங்கி வராதீர்கள் தம்பி. டாக்டர் குறிப்பில் ஒரு தேதி, கடிதத்தில் இன்னொன்று என்றால் நியாயமான கிளேமும் சந்தேகத்தில் நின்றுவிடும்.

கைரோபிராக்டிக் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பில்லில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கணும்.