சஜெஷன் மந்திரம்: காவலன் எதுவரை கேட்பான்?

கேள்வி: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். சொன்னதைச் செய்யவைக்கும் சஜெஷன் மந்திரத்தை வாயிற்காவலன்மேல் போட்டேன், அவன் விஸ்டம் சேவில் (மந்திரத்தை எதிர்க்க உருட்டும் பகடையில்) தோற்றுவிட்டான். "சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ" என்றால் செல்லுமா?

பதில் 1: சொல்லும் விதத்தைப் பொறுத்தது. ஓரிரு வாக்கியத்துக்குள், கேட்பவனுக்கு நியாயமாகப் படவேண்டும். "உன் ஷிப்ட் முடிந்தது, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கு" எடுபடும். "ஈட்டிமேல் பாய்" என்றால் மந்திரம் அங்கேயே கலைந்துவிடும். கான்சன்ட்ரேஷன் (மந்திரம் போட்டவரின் கவனம்) கலையாமல் நிலைத்தால் 8 மணி நேரம்வரை தாங்கும். உங்கள் அணியில் யாராவது அவனை அடித்துக் காயப்படுத்தினால் போச்சு.

பதில் 2: பலர் இதை சார்ம் பெர்சன் என்ற வேறொரு மந்திரத்தோடு குழப்புகிறார்கள். அதில் அவன் உங்களை நண்பனாகப் பார்ப்பான், அவ்வளவுதான், அடிமை ஆகமாட்டான். உங்களைத் தாக்கமாட்டான், பேச்சுவார்த்தைக்கான பகடை ரோல்களில் உங்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுக்கலாம்). சாவி வேண்டுமென்றால் பர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறன்) பகடை உருட்டியே ஆகவேண்டும். 1 மணி நேரம் முடிந்ததும் தன்மேல் மந்திரம் போட்டது அவனுக்குத் தெரிந்துவிடும், பிறகு ஊரே திரளும். சொன்னபடி ஆட்டுவிக்க 5ஆம் நிலை மந்திரமான டாமினேட் பெர்சன்தான். அதுவும் 1 நிமிடம். அடிபடும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் புது சேவ்.

பதில் 3: ஒன்றை மறக்கவேண்டாம், சஜெஷனுக்கு வாய்விட்டு மந்திரம் சொல்லவேண்டும். பக்கத்தில் இன்னொரு காவலன் நின்றால் அவன் காதிலும் விழும்.