நிரந்தரவாசிகள் இருவர் மறுவிற்பனை வீடு வாங்க: கடன் வரலாறே இல்லாதவருக்கு வங்கி கடன் தருமா?

உட்லண்ட்ஸ்_வாசி:

அனைவருக்கும் வணக்கம். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) சிங்கப்பூருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் மனைவிக்கும் நிரந்தரவாசத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டுகள் சென்ற மாதத்தோடு நிறைவடைந்தன. இருவருடைய மாதச் சம்பளமும் சேர்ந்து 9,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 600,000 வெள்ளி அளவில் ஒரு நாலறை வீவக வீட்டை (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு) மறுவிற்பனையில் வாங்க எண்ணியிருக்கிறோம்.

இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு கடன்பற்று அட்டைகூட வாங்கியதில்லை. கடன் இல்லாமல் வாழ்வதுதான் மானம் என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. வாடகை, மின்கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எதிலும் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. ஆனால் சென்ற வாரம் கடன் வரலாற்றைத் தொகுக்கும் கிரெடிட் பீரோ சிங்கப்பூரின் அறிக்கையை வாங்கிப் பார்த்தபோது, மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் ‘சிஎக்ஸ்’ என்று மட்டும் இருந்தது. வங்கியில் விசாரித்தபோது, என்னைப் பற்றித் தங்களுக்கு எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். நான்கு அட்டைகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும்படி அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். சிறிய தனிநபர் கடன் வாங்கித் திருப்பிக் கட்டும்படி இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

இந்திய வங்கியில் வாங்கிய கல்விக் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 300 வெள்ளி கட்டி வருகிறேன். இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி. அதை இங்கே சொல்லத்தான் வேண்டுமா? பட்டுக்கோட்டைப் பக்கம், நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பா கட்டிய வீடு ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறேன்.

தேக்கா_வாசகர்:

தம்பி, ‘சிஎக்ஸ்’ என்பது கெட்ட பெயர் அன்று. மதிப்பிடுவதற்குப் போதிய கடன் நடவடிக்கை இல்லை என்பதே அதன் பொருள். அந்த மதிப்பெண் 1,000 முதல் 2,000 வரை செல்லும். 1,911 அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘ஏஏ’ என்ற மிக உயர்ந்த தரம். நீங்கள் ஒழுங்காகக் கட்டிய வாடகையும், சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கும் பணமும், ஊருக்கு அனுப்பிய தொகையும் அந்த அறிக்கையில் இடம்பெறுவதில்லை. வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்பதை மட்டுமே அது பார்க்கிறது. கடனே வாங்காதவர் அதன் கண்ணுக்குத் தெரியாதவராகிவிடுகிறார்.

ஒரே ஓர் அட்டை போதும். ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இருந்தால் நிரந்தரவாசி விண்ணப்பிக்கலாம். தொலைபேசிக் கட்டணத்தையும் பேருந்து, எம்ஆர்டி கட்டணத்தையும் அதில் போட்டு, முழுத் தொகையும் ஜைரோ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியும்படி செய்துவிடுங்கள். அறிக்கையில் கடந்த 12 மாதங்களின் கட்டண நிலை மாதவாரியாகத் தெரியும் என்பதால், ஓராண்டு பொறுமையாக இருந்தால் அந்தக் கட்டங்கள் தாமாக நிரம்பும். நான்கு அட்டைகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால், நான்கு வங்கிகள் உங்களைப் பற்றி விசாரித்ததும் அங்கே பதிவாகி, பணத்துக்கு அவசரப்படுகிறவர் என்ற தோற்றத்தைத் தந்துவிடும். தேவையில்லாமல் தனிநபர் கடன் வாங்கி வட்டி கட்டுவதை நான் அறவே பரிந்துரைக்கமாட்டேன்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஒரு கண்காட்சியில், பயணப்பெட்டி இலவசம் என்று சொன்னதால் கையெழுத்திட்டு வாங்கிய அட்டை ஒன்றை நான் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. தங்கை திருமணத்துக்காக ஆறு வாரம் ஊருக்குச் சென்றிருந்தபோது அதன் ஆண்டுக் கட்டண ரசீது வந்திருக்கிறது. திரும்பி வந்து புளோக்கின் கீழே தபால்பெட்டியைத் திறந்தால், பேரங்காடி விளம்பரத் தாள்களுக்கு அடியில் அந்த உறை கிடந்தது. முப்பது நாளைக் கடந்துவிட்டதால், ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் ‘ஏ’ இருக்கவேண்டிய கட்டத்தில் தாமதத்தைக் காட்டும் ஒரு ‘பி’ விழுந்து, ஓராண்டு முழுவதும் அது என் அறிக்கையில் இருந்தது. ஆகவே, பயன்படுத்தாத அட்டையை வைத்திருக்காதீர்கள்.

செங்காங்_மலர்:

வீட்டுக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். அண்ணன் சொன்னது முழுவதும் சரி. ஆனால் உங்கள் விஷயத்தில் மதிப்பெண்ணைவிடக் கையிருப்புப் பணமே பெரிய கேள்வி.

நிரந்தரவாசிகள் இருவர் மறுவிற்பனை வீடு வாங்க, இருவருமே மூன்று ஆண்டுகள் நிரந்தரவாசிகளாக இருந்திருக்க வேண்டும். அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். குடும்பத்தில் குடிமகன் எவரும் இல்லாததால் வீவக கடன் கிடைக்காது, வங்கிக் கடன்தான். வீவக வீட்டுக்கான மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதால் உங்கள் வரம்பு 2,700 வெள்ளி. வங்கி இன்று கேட்கும் வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுவார்கள். வீட்டு விலையில் வங்கி தரக்கூடிய 75 விழுக்காடாகிய 450,000 வெள்ளியை 25 ஆண்டுகளில் கட்டினால், அந்த வட்டியில் தவணை ஏறத்தாழ 2,375 வெள்ளி வரும். ஆகவே வரம்புக்குள் இருக்கிறீர்கள். காலத்தை 25 ஆண்டுகளுக்கு மேல் நீட்டினால் கடன் 75 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

கல்விக் கடனைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். எல்லாக் கடன்களும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்ற இரண்டாவது வரம்பில் வெளிநாட்டுக் கடனும் அடங்கும். உங்களுக்கு அந்த வரம்பு 4,950 வெள்ளி. வீட்டுத் தவணையோடு 300 சேர்ந்தாலும் 2,675 வெள்ளிதான். சொல்வதால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. மறைத்துக் கையெழுத்திட்டால் அது பொய்யான உறுதிமொழி.

இனி கையிலிருந்து போகும் பணத்துக்கு வருகிறேன். மீதி 150,000 வெள்ளியில் 30,000 ரொக்கமாகவே இருக்கவேண்டும். மற்றதை மத்திய சேமநிதியின் (ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் கட்டும் கட்டாயச் சேமிப்பு) சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கலாம். நிரந்தரவாசியின் முதல் வீட்டுக்கான 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி 30,000 வெள்ளி, வழக்கமான முத்திரை வரி 12,600 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்த ஆண்டுகளில் உங்களுக்குச் சேமநிதியே கிடையாது. நிரந்தரவாசத்தின் முதலாண்டில் சம்பளத்தில் ஊழியர் 5, முதலாளி 4 விழுக்காடுதான் கட்டுவார்கள், இரண்டாம் ஆண்டில் 15, 9. மூன்றாம் ஆண்டில்தான் முழு விகிதம் தொடங்குகிறது. ஆகவே அந்தக் கணக்கில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். இன்றே சிங்பாஸில் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு) நுழைந்து பாருங்கள். வீட்டின் மதிப்பீட்டைவிடக் கூடுதலாக உரிமையாளர் கேட்டால் அந்த வித்தியாசமும் முழுவதும் ரொக்கம்தான்.

வீவகவின் எச்எஃப்இ கடிதம் (வீடு வாங்கும் தகுதியை உறுதிசெய்யும் கடிதம்) இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன் பத்திரம் (வீட்டை உங்களுக்கென ஒதுக்கிவைக்கும் ஒப்பந்தம்) வாங்க முடியாது. வங்கியின் கொள்கையளவிலான ஒப்புதலையும் முன்பே பெற்றுவிடுங்கள். ஆப்ஷனின் 21 நாள் காலம் கடன் தேடி அலையப் போதாது.

யீஷூன்_நண்பர்:

ஊர் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நீங்கள் எழுதியதைக் கண்டு பதறிப்போய் எழுதுகிறேன். தொடர்பு உண்டு. வெளிநாட்டில் உள்ள சொத்தையும், வாரிசாக வந்த பங்கையும் வீவக கணக்கில் எடுத்துக்கொள்ளும். எச்எஃப்இ விண்ணப்பத்தில் அதைத் தெரிவித்தாக வேண்டும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது என்பதால் பங்கு இல்லை என்று ஆகாது. உயில் இல்லாமல் அவர் காலமாகியிருந்தால், அம்மாவோடு பிள்ளைகளுக்கும் பங்கு வந்திருக்கும். என் வீட்டில் நான் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அம்மா சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து அழுததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நீங்கள் அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன், உங்கள் நிலையை விளக்கி வீவகவிடம் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வீடு பார்க்கச் செல்லும் முன் அந்த புளோக்கில் நிரந்தரவாசிகளுக்கான ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குப் பேட்டை அளவில் 5 விழுக்காடு, புளோக் அளவில் 8 விழுக்காடு என்ற வரம்பு இருக்கிறது; இன ஒதுக்கீடு அதற்கு மேல் தனியாக இருக்கிறது. நாங்கள் சமையலறை அலமாரிக்கு அளவெடுத்த பிறகே அந்த புளோக் நிறைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

உட்லண்ட்ஸ்_வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் பேசினேன். உயில் ஏதும் இல்லை, வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வீவகவுக்கு எழுதிவிட்டேன், பதில் வரும்வரை தம்பியிடம் எந்தப் பத்திரத்தைப் பற்றியும் பேசப்போவதில்லை. சேமநிதிக் கணக்கில் இருவருக்கும் சேர்த்து 58,000 வெள்ளிதான் இருக்கிறது, நான் மனக்கணக்காக வைத்திருந்ததில் பாதி. ஓர் அட்டைக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்கும்படி இன்று மாலை வீட்டுக்காரரிடம் கேட்கப் போகிறேன்.