வெட்டியும் இரண்டாவது நோட்டீஸ்! காலி மனையில் செடி, என்ன செய்யலாம்?

காலிமனை:
அப்பா பேர்ல ஒரு காலி மனை. நான் இருப்பது வெளியூர். போன மாசம் "செடி கொடி மண்டிக் கிடக்கு, 15 நாளில் அகற்றவும்"னு உள்ளாட்சி நோட்டீஸ். கெடு முடியறதுக்குள்ள ஆள் வச்சு பிரஷ் கட்டர்ல மொத்தமா வழிச்சாச்சு, போட்டோவும் இருக்கு. அப்புறம் நல்ல மழை. நேத்து அடுத்த நோட்டீஸ்: "அகற்றப்படவில்லை. நாங்களே அகற்றிச் செலவைச் சொத்து வரியோடு வசூலிப்போம்." என் போட்டோ செல்லாதா?

வரப்பு:
இப்ப முளைச்சிருக்கிறது என்ன செடி? இலை கேரட் இலை மாதிரி பிளவு பிளவா, உச்சியில பொடிப்பொடியா வெள்ளைப் பூவா?

காலிமனை:
பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பின படத்துல அப்படியேதான் இருக்கு. முழங்கால் உயரம்.

வரப்பு:
பார்த்தீனியம். அதை வெட்டினா சாகாது, அடிக்கட்டையிலிருந்து பக்கக் கிளையா விடும். பூத்த பிறகு மெஷின் விட்டிருந்தா நீங்களே விதைச்ச கணக்குதான். ஒரு செடியிலேயே 15,000 முதல் 25,000 விதை வரை வரும். ஈரம் கிடைச்சா முளைச்ச நாலு வாரத்துல பூ எடுத்துடும்.

மழை விட்டு மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கணும். பூத்ததை முதல்ல, மெதுவா, அங்கேயே மூட்டைக்குள்ள போடுங்க. உதறாதீங்க. கையுறை, முழுக்கைச் சட்டை, மாஸ்க் கட்டாயம். தோல் அரிப்பு, ஆஸ்துமா ரெண்டையும் கிளப்பும். வெறுங்கையோட ஒருநாள் பிடுங்கிட்டு ஒரு வாரம் கழுத்தைச் சொறிஞ்சவன் சொல்றேன்.

மனுதாரர்:
போட்டோ, நீங்க சும்மா இருக்கலைங்கிறதுக்குச் சாட்சி. ஆனா அவங்க பார்க்கிறது ஆய்வுக்கு வந்த அன்னிக்கு மனை எப்படி இருந்ததுன்னுதான். நோட்டீஸ்ல எந்தப் பிரிவுன்னு பாருங்க. "புதர் மண்டிய இடம்"னா பாம்பு, கொசு, குப்பை பத்தின கவலை, உயரத்தைக் குறைச்சாலே தீர்ந்துடலாம். தீங்கான களைன்னு அந்தச் செடியையே குறிச்சிருந்தா விஷயம் வேற. உதாரணத்துக்கு, ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்தின் 2014 உயிரிப் பாதுகாப்புச் சட்டத்துல பார்த்தீனியம் பேரே பட்டியல்ல இருக்கு.

பழைய வெட்டு போட்டோ, தேதி, கூலி ரசீது மூணையும் இணைச்சு, "வேரோடு எடுக்க இத்தனை நாள் வேணும்"னு கெடுவுக்குள்ள எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. வாயால சொன்னது கணக்குல வராது.

காலிமனை:
கிளைபோசேட் களைக்கொல்லி அடிச்சா ஒரே நாள்ல வேலை முடியாதா? தீ வச்சா?

வரப்பு:
கிளைபோசேட் பச்சை இலை வழியா உள்ளே போற மருந்து. மண்ணுக்குள்ள கிடக்கிற விதையை ஒண்ணும் செய்யாது, அடுத்த மழைக்கு மறுபடி பச்சை. காத்துல பக்கத்துத் தோட்டத்துல பட்டா அது தனி வழக்கு. எங்க அடிக்கலாம்னும் இடத்துக்கு இடம் கட்டுப்பாடு உண்டு. தீ வேண்டவே வேண்டாம். ஒரு புகாரோட நிக்காது.

காலிமனை:
நேத்து நாலு பேர் வச்சுப் பிடுங்கியாச்சு, பதினொரு மூட்டை. பத்து நாள் கூடுதலா கொடுத்திருக்காங்க. மூலையில சுவரோரம் மட்டும் கட்டாந்தரை, வேர் அறுந்து போச்சு. மூட்டையை என்ன பண்றது?

வரப்பு:
சுவரோரம் தண்ணி ஊத்தி ஊற விட்டு மண்வெட்டியால கிண்டுங்க. பூக்காத மூட்டையை மக்க வைக்கலாம். பூத்ததை மட்டும் வாயைக் கட்டியபடியே குப்பை எடுக்கிறவங்ககிட்ட சொல்லிக் கொடுங்க. மூணு வாரம் கழிச்சு ஒருதரம் போய்ப் பாருங்க, புதுசா முளைச்சது தரையோடு தட்டையா படர்ந்திருக்கும். அப்பவே பிடுங்கிடுங்க, ரெண்டு விரல் போதும்.