பாதியில் விட்ட கிட் கார், பதினோரு வருஷம் கழித்து: எதிலிருந்து ஆரம்பிப்பது?

பாதிவண்டி:

வணக்கம். இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறேன். 2012ல் செவன் வகை (மேலே திறந்த, இரண்டு சீட் வண்டி) கிட் கார் ஒன்றை, அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டுகிற காரை, வாங்கி வீட்டு கராஜில் கட்ட ஆரம்பித்தேன். டோனர் (பாகங்களைக் கழட்டி எடுத்த பழைய கார்) 1987 ஃபோர்டு சியரா, 2.0 பின்டோ எஞ்சின், டைப் 9 கியர்பாக்ஸ். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், எஞ்சின் எல்லாம் சேஸிஸில் உட்கார்ந்துவிட்டன, பிரேக் பைப் போட்டு ஆயிலும் ஊற்றியாகிவிட்டது, ஒயரிங் பாதி, ஃபைபர் பாடியைச் சும்மா மேலே வைத்துப் பார்த்ததோடு சரி. 2014ல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கோயம்புத்தூர் போனேன். ஆறு மாசம் என்று போனது பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்டபோது கராஜை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

போன மாசம் திறந்தேன். முதலில் வந்தது வாசனைதான், பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறுகிறது. சீட் ஃபோமுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது, டாஷ்போர்டு பக்கம் போகிற ஒயர்களில் நாலைந்தைக் கடித்துத் துப்பியிருக்கிறது. கீழ்ப்பக்கச் சட்டத்தில் பவுடர் கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. எஞ்சினைக் கையால் திருப்பப் பார்த்தேன், அசையவில்லை. டயர் நாலும் புதுசு, ஒரு மைல்கூட ஓடாதவை, ஆனால் பக்கவாட்டில் எழுதியிருக்கிற நாலு இலக்கம் 1113. அதாவது 2013ன் பதினோராவது வாரம்.

எரிச்சல் என்னவென்றால், நட்டு போல்ட்டையெல்லாம் சாக்லேட் டப்பாக்களில் பிரித்துப் போட்டு என் கையாலேயே லேபிள் ஒட்டியிருக்கிறேன், ஒன்றுமே புரியவில்லை. "மு.வி.இ. 2" என்று ஒரு டப்பா. முன் வீல் இடதா? விஷ்போனா? அதைவிட மோசம், தரையில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டு கிடந்தது, அதில் "இன்னும் இறுக்கவில்லை" என்று எழுதி ஒரு அம்புக்குறி. எதில் ஒட்டியிருந்தேனோ, பசை காய்ந்து விழுந்துவிட்டது.

எஞ்சினை முதலில் ஓடவிட்டுப் பார்க்கலாமா? அது ஓடினால்தான் மற்றதில் கை வைக்கவே மனசு வரும் போலிருக்கிறது. வீட்டில் "வித்துத் தொலைங்க" என்கிறார்கள்.

ஹாரோ மெக்கானிக்:

தம்பி, பற்றறி வாங்கி ஸ்டார்ட்டரை அடிக்கிற யோசனையை இப்போதைக்கு விடுங்கள். எம்ஓடி, அதாவது வருடாந்த வாகனச் சோதனை, பார்க்கிற வேலையில் இருக்கிறேன், பத்து வருடம் நின்ற வாகனத்தைத் திறந்த அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கெடுத்துவிட்டு வருகிறவர்களை வடிவாகத் தெரியும்.

முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஓட்டோ கியர் எண்ணெய் கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள், இடையில் இன்னொரு தரம் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு, முன்னால் நின்று பார்க்க வலஞ்சுழியாகக் கையாலேயே அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், பின்னால் கொண்டுவந்து திரும்ப முன்னால். அடம்பிடித்தால் திரும்ப எண்ணெய், திரும்ப ஒரு கிழமை. ஸ்பானருக்குப் பைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், பிஸ்டன் ரிங் உடைந்தால் பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும்.

சுழலத் தொடங்கினாலும் உடனே ஓடவிடாதீர்கள். டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள், அது ரப்பர். பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய், புது ஃபில்டர். பின்டோவில் கேம்ஷாஃப்ட்டுக்கு மேலே மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது, அதில் உள்ள பொட்டுத் துளைகளால்தான் கேமுக்கு எண்ணெய் விழும். பழைய எண்ணெய் பிசின் போலக் காய்ந்து அந்தத் துளை அடைபட்டால் கேம் தேய்ந்துபோகும். மூடியைத் திறந்து அந்தக் குழாயைக் கழட்டி ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பிளக் இல்லாமல், காயில் ஒயரைக் கழட்டிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், எல்லாத் துளையிலும் எண்ணெய் வருவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பிளக்.

கிளட்ச் பிளேட் கறள் பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கவும் கூடும். பெடலை அமத்தி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள், அனேகமாக விட்டுக்கொடுக்கும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதலாவது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்கிறார்கள். உங்களுடையது பதினோரு வருடம். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் பின்பக்க வீல் சிலிண்டருக்குள்ளும் கறள் குழி விழுந்திருக்கும், ரப்பர் சீல் மட்டும் மாற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள், சிலிண்டரையே மாற்றுங்கள். வளைகிற ஹோஸ் எல்லாம் புதிது. செம்பு நிக்கல் பைப் போட்டிருந்தால் அதை விட்டுவிடலாம். எஞ்சின் ஓடத் தொடங்கினால் உங்களுக்கு ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். அந்த நேரம் பிரேக் இருக்க வேண்டும்.

அந்த டேப் துண்டு எதில் இருந்தது என்று தேடவேண்டாம். ஒன்றுமே இறுக்கப்படவில்லை என்று வைத்துக்கொண்டு முன்னால் இருந்து பின்னால் போங்கள். நைலொக் நட்டு (தானாகக் கழராமல் உள்ளே நைலோன் வளையம் உள்ளது) எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள், இறுக்கியதும் நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. கோடு இல்லாதது இறுக்காதது. லேபிள் வாசிக்கத் தேவையில்லை.

பெற்றோல் தாங்கியை முழுவதும் காலி பண்ணுங்கள். 2021 செப்டெம்பரில் இருந்து இங்கே சாதாரண பெற்றோல் ஈ10, பத்து வீதம் வரை எதனோல். நீங்கள் 2013ல் போட்ட ஹோஸ் அதைத் தாங்குமோ தெரியாது. ஜே30 ஆர்9 என்று அடித்திருக்கிற ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள்.

ட்வின்கேம்:

நான் வேறு மாதிரி சொல்வேன். அந்தப் பின்டோவைத் தூக்கிப் போடுங்கள் பாஸ். கனமான இரும்பு, குதிரைசக்தி நூறைச் சுற்றித்தான். 1990களின் கடைசி மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை முழு வண்டியாக வாங்கினால் எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும், தேவையில்லாததை விற்றுக் காசும் எடுக்கலாம். எப்படியும் பிரிக்கத்தானே போகிறீர்கள்.

கிரீஸ்கை:

ட்வின்கேம் சொல்வது எஞ்சின் விஷயத்தில் தப்பில்லை, ஆனால் இவருக்குச் சொல்லக் கூடாது. நானும் இந்தக் கூத்தில் மாட்டியவன்தான். 2008ல் ஆரம்பித்து, குழந்தை பிறந்து, ஆறு வருஷம் மூடிவைத்து, திரும்ப எடுத்தபோது "எப்படியும் பிரிக்கிறோமே, நல்ல எஞ்சினாகப் போடுவோம்" என்று ஆரம்பித்தேன். எஞ்சின் மாறினால் மவுன்ட் மாறும், மவுன்ட் மாறினால் சேஸிஸில் வெல்டிங், எக்ஸாஸ்ட் வேறு, ப்ராப் ஷாஃப்ட் நீளம் வேறு. அதில் மட்டும் மூன்று வருஷம் போனது. வண்டி ரோட்டுக்கு வரும்வரை எதையும் மேம்படுத்தாதீர்கள். நம்பர் பிளேட் மாட்டிய பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

புகை விஷயமும் இருக்கிறது. இப்படிக் கட்டிய வண்டியை ரோட்டுக்கு விடுவதற்கு முன்னால் ஐவிஏ என்று ஒரு சோதனை உண்டு. அதில் எஞ்சின் எந்த வருஷத்தது என்று நிரூபித்தால் அந்தக் காலத்து அளவுதான் பார்ப்பார்கள். 1987 எஞ்சினுக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை விடுவார்கள், கார்புரேட்டரை ஒழுங்காக ட்யூன் செய்தால் தாண்டிவிடலாம். 1990களின் கடைசி எஞ்சின் என்றால் கேட்டலிஸ்ட் (எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்கிற பாகம்) இல்லாமல் கதை நடக்காது.

அப்புறம், யாரும் இன்னும் சொல்லாதது காகிதம். ஸ்பானர் எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் மேசையில் உட்காருங்கள். சியராவின் வி5சி, அதாவது பதிவுச் சான்று, எங்கே? கிட் வாங்கிய ரசீது? கட்டும்போது எடுத்த போட்டோ? வண்டிகளைப் பதிவு செய்கிற டிவிஎல்ஏவுக்கு வி627/1 என்ற படிவத்தில் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று எழுதி ரசீதோடு கொடுக்க வேண்டும். டோனரிலிருந்து இரண்டு பெரிய பாகங்கள் வந்ததைக் காட்ட முடிந்தால் அந்தக் காரின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்கும், காட்ட முடியாவிட்டால் க்யூ பிளேட், வயது நிரூபிக்க முடியாத வண்டிக்குக் கொடுப்பது. க்யூவோடும் ஓட்டலாம், ஆனால் விற்கும்போது முகம் சுளிப்பார்கள். பழைய போன், பழைய லேப்டாப் எல்லாவற்றையும் நோண்டுங்கள், 2012ல் எடுத்த போட்டோ எங்காவது கிடக்கும். அந்த போட்டோக்கள்தான் உங்கள் டப்பா லேபிளுக்கும் பதில் சொல்லும்.

கிட்டோடு வந்த கையேட்டை நம்பி சோதனைக்குப் போகாதீர்கள். நிறைய கையேடுகள் எஸ்விஏ என்ற பழைய சோதனைக் காலத்தில் எழுதியவை, 2009ல் அது போய் ஐவிஏ வந்துவிட்டது. நான் முதல் தடவை ஃபெயில் ஆனது எஞ்சினாலோ பிரேக்காலோ இல்லை, விளிம்புகளால். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டையை வைத்துப் பார்ப்பார்கள், வெளியே அது தொடுகிற இடத்திலெல்லாம் முனை குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவாக இருக்க வேண்டும். முன் சஸ்பென்ஷன் வெளியே தெரிகிற வண்டியில் எத்தனை போல்ட் தலை என்று எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் தொப்பி. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து தொப்பி எண்ணியதைப் பார்த்து என் மாமியார் இது காரா முறுக்கா என்று கேட்டார். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டியரிங் தானாக நேராக வரவேண்டும், செவன் வகை வண்டிகள் நிறைய இதில் இடறும், காஸ்டர் கோணத்தை (முன் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு) இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயரிங் பற்றி ஒன்று. எலி கடித்ததை மட்டும் ஒட்டுப் போடலாம் என்று நினைப்பீர்கள், வேண்டாம். ஃபைபர் பாடியில் மின்சாரம் திரும்பிப் போக வழி கிடையாது, சாதாரணக் காரில் தகரமே எர்த், இங்கே ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் சேஸிஸுக்கு இழுக்க வேண்டும். அந்த எர்த் போல்ட்டுக்குக் கீழே பவுடர் கோட்டிங்கைச் சுரண்டினீர்களா? நான் சுரண்டவில்லை. இடது இன்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மங்கலாக எரியும், இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

உப்பிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் மேல்துரு, சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். பொத்தென்று கேட்டால் குழாய் உள்ளே போயிருக்கிறது, அந்தத் துண்டை வெட்டி மாற்றத்தான் வேண்டும்.

செட்டிபாளையம்:

கோயம்புத்தூரிலிருந்து வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். இங்கே நீங்களே கட்டிய காரை ரோட்டுக்குப் பதிவு செய்வது நடக்காத காரியம், மோட்டார் வாகன விதி 126படி ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் மாதிரி வண்டியைச் சோதித்து அங்கீகாரம் வாங்க வேண்டும், அது கம்பெனிகளுக்கான ஏற்பாடு. கட்டி ஓட்டவேண்டுமானால் எங்கள் ஊர் காரி ரேஸ் ட்ராக்கில் ஓட்டலாம், பால் வாங்கப் போக முடியாது. நீங்கள் விற்றால் உங்களை மன்னிக்கமாட்டேன்.

பாதிவண்டி:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து வருகிறேன், வேலை நடந்தது.

ட்வின்கேம், ஆசை காட்டிவிட்டீர்கள், இரண்டு நாள் விளம்பரமெல்லாம் பார்த்தேன். அப்புறம் கிரீஸ்கையின் மூன்று வருஷத்தை நினைத்து மூடிவிட்டேன். வி5சி கிடைத்தது, வீட்டு டாக்குமென்ட் கவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. பழைய லேப்டாப்பில் 214 போட்டோ. அதில் பாதி ஒரே வீலை வெவ்வேறு கோணத்தில் எடுத்தவை, ஏன் என்று தெரியவில்லை.

எஞ்சின் மூன்றாவது வாரம் அசைந்தது. ஹாரோ அண்ணா சொன்ன மாதிரி ஒரு நூல்தான், ஆனால் அந்த அசைவு ஸ்பானர் வழியாகக் கைக்கு வந்தபோது கராஜில் தனியாக நின்று கத்திவிட்டேன். கேம் மேலே இருக்கிற குழாயில் இரண்டு துளை முழுசாக அடைத்திருந்தது. இன்னும் ஓடவிடவில்லை. பிரேக் சிலிண்டர் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று, கழட்டிய பழைய மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காபிக் கலரில் ஏதோ கொட்டியது. சட்டத்தைத் தட்டியதில் ஒரே ஒரு இடம் பொத்தென்றது, டிரைவர் பக்கம் தரைக்குக் கீழே ஒரு ஜாண். டயரும் பேட்டரியும் சோதனைக்கு முந்தின மாசம்தான் வாங்கப்போகிறேன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவசரப்பட்டு வாங்கியது போதும்.

அந்த டேப் விஷயம். தேட வேண்டாம் என்றீர்கள், தேடவில்லை, முன்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். நாற்பத்தோராவது போல்ட், ஸ்டியரிங் தண்டு ரேக்கோடு சேருகிற யுனிவர்சல் ஜாயின்ட். பக்கத்துச் சட்டத்தில் டேப் அளவுக்குப் பழுப்பாகப் பசைத் தடம் இருந்தது. ஸ்பானரே தேவைப்படவில்லை, இரண்டு விரலில் கழன்று வந்துவிட்டது. முந்தின வாரம்தான் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை டிரைவ்வே வரை தள்ளிக்கொண்டு போய்க் கழுவினேன்.

புது நட்டு, மஞ்சள் கோடு, போட்டோ எடுத்தாயிற்று. அடுத்தது ஒயரிங். இதற்கிடையில் "மு.வி.இ. 2" என்றால் என்ன என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், டப்பாவில் மொத்தம் ஒரு வாஷர்தான் இருக்கிறது.